ஆறாங்கால்

முடோனுக்குத் தெற்கே, வற்றம் இறங்கிய வேளை.
சேறு முழங்காலைப் பிடித்து இழுக்கிறது.
ஒரு கையில் அளவு நாடா, மறு கையில் செருப்பு.
புதுப் பாலத்துக்கு இடம் பார்க்க வந்தவள் நான்.
பழையதை எண்ணுவது
சம்பளத்தில் சேராத வேலை.

தேக்குக் கால்கள். சிப்பி அப்பி, நுனி கருகி.
இந்தப் பாலத்துக்குக் கூரை இருந்ததாம்,
வீட்டுக்குப் போடுவதுபோல் இரு சரிவாக.
கடக்க ஓரணா.
மழைக்கு ஒதுங்கி நின்றால் இரண்டணா.
சண்டையில் தீ வைத்துவிட்டு ஓடினார்கள்.
கூரை மட்டும் எரிந்துகொண்டே
கவிழ்ந்த தோணியாகக் கடல்வரை போனதைப்
பார்த்தவர்கள் சொல்லக் கேட்டவர்கள் சொல்கிறார்கள்.

தோணிக்காரி மா ஏ மூன்
துடுப்பால் பாசியைச் சுரண்டினாள்.
"பார், பூச்சி அரித்த கோடு."
பூச்சி இல்லை. உளி.
முதல் காலில் க.
அடுத்ததில் உ. அப்புறம் ங. அப்புறம் ச.
ஞாயிற்றுக்கிழமைக் கோயில் வகுப்பில்
பாதியில் விட்ட தமிழை வைத்துக்கொண்டு
கூட்டிக் கூட்டிப் பார்க்கிறேன்.
கஉஙச.
எந்த ஊர்? யார் பெயர்?
கங்காணி ஒருவனின் செல்ல மகளா?

ஏழாவதில் எ என்று கண்டபோதுதான்
கோயில் மணி நினைவுக்கு வந்தது.
அதன் விளிம்பில் வார்த்த வருஷமும்
இப்படித்தான் எழுத்தாக உளறும்.
பெயரே இல்லை. எண்.
எந்த மரம் எந்தக் குழிக்கு என்று
ஒரு தச்சன் தன் ஆட்களுக்குச் செதுக்கியது.

முதலிலிருந்து எண்ணினேன், சத்தமாக.
ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே
பழுப்புத் தண்ணீர் சுழித்துப் போகிறது.
ஆறு இருக்க வேண்டிய இடத்தில்
ஆறுதான் இருக்கிறது.

சிரித்துவிட்டேன். "என்ன?" என்றாள்.
பர்மியத்தில் சொல்லிப் பார்த்தேன்.
இரண்டு சொல்லாக உடைந்து
சேற்றில் விழுந்தது.

"அந்த நடுக்காலா? எங்கள் வீட்டில்தான்.
அறுத்து இழுத்து வந்து, குடைந்து,
பன்றிக்குத் தொட்டி போட்டார்கள்."
"அதில் கோடு இருக்கிறதா?"
"பன்றியைத்தான் கேட்கணும்.
நக்கி நக்கி வழவழ என்று கிடக்கிறது."

தண்ணீர் ஏறத் தொடங்கியது.
க முதலில் போயிற்று, கரைப்பக்கம் சரிந்து நின்றதால்.
படகில் உட்கார்ந்து படிவத்தை நிரப்புகிறேன்.
கூரை: இல்லை.
கால்கள்: ஒன்பது.
குறிப்பு என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனாவை வைத்திருந்து
௬ என்று மட்டும் போட்டேன்.

மை கசிந்தது என்று
அதிகாரி நினைத்துக்கொள்வார்.