கடைசிப் பொத்தான்

துவாஸ் விடுதி உணவுக்கூடம், ஞாயிறு மூன்று மணி.
கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு
அடைக்கலராஜின் கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உயரத்தில் வேலை: பாடம் நான்கு.
தடங்கலில்லாமல் தொட்டுக்கொண்டே வந்த விரல்
கடைசிப் பொத்தானுக்கு மேல் நின்றுவிட்டது.
'சமர்ப்பி.'
"யாருக்குங்க?"

பதினோரு நொடி.
'பயனர் பிழை' என்றிருந்த கட்டத்தில்
என் பெயரை எழுதிக்கொண்டேன்.

'முடிந்தது' என்று மாற்றிக் காட்டினேன்.
சிரித்தார்.
"பதினாலாவது மாடியில நின்னுக்கிட்டு
அந்த வார்த்தையைத் தொடுவேனா?"

இடுப்பருகே, இல்லாத கயிற்றை
இரண்டு தரம் வெடுக்கென்று இழுத்தார்.
"இதைக் கேளுங்க."

திங்கட்கிழமை.
பொத்தான் இரண்டு வரிக்கு நீள்கிறதே என்கிறாள் ஹுய் மின்.
நீளட்டும்:
'கொக்கியை இழுத்துப்
பார்த்துவிட்டேன்.'