புனைவுச் சான்றிதழ்

குடியிருப்பு அட்டை காலாவதியாகி நாற்பத்தொரு நாள்.
புதியது வரும்வரை
மூன்றாக மடித்த ஒரு தாள் தந்திருக்கிறார்கள்.
அதன் பெயரைத் தமிழாக்கிப் பார்த்தேன்:
புனைவுச் சான்றிதழ்.
நான் இங்கே இருப்பதாக
அரசாங்கம் கற்பனை செய்துகொள்கிறது.
வாடகை மட்டும் ஒன்றாம் தேதி
நிஜமாகவே போய்விடுகிறது.

இதை வைத்துக்கொண்டு பிரான்ஸ் போகலாமா என்று
ஒத்திகை பார்த்த ஜெர்மனில் கேட்டேன்.
ஃப்ராவ் கெர்பர் கண்ணாடியைக் கழற்றினார்.
போகலாம் என்று என்னால் சொல்ல முடியாது,
போகக்கூடாது என்று எழுதித் தரவும் முடியாது.
பிறகு சன்னலோரக் கள்ளிக்கு
ஒரு மூடித் தண்ணீர் ஊற்றினார்.

சனிக்கிழமை காலை ஓஃபன்புர்க்கில் ரயில் ஏறினோம்
பாஸ்கோ, சஃப்ரினா, நான்.
ஸ்ட்ராஸ்பூரில் தின்ன வேண்டியவற்றைப்
பாஸ்கோ விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான்.
இரண்டு கையும் போதவில்லை.
கேலில் இறங்கி, டிராமை விட்டுவிட்டு நடந்தோம்.
எனக்காகத்தான் நடந்தோம்.
யாரும் அப்படிச் சொல்லவில்லை.

ரைன் மேல் நடைபாலம்,
நடுவில் அகன்ற மேடை.
கோடு இருக்குமென்று குனிந்து தேடினேன்.
ஒரு வெள்ளைப் பட்டை, ஓர் ஆணி,
குறைந்தபட்சம் மனம் மாறிய ஒரு பலகை.
எல்லாம் ஒரே பலகை.
எதில் ஜெர்மனி முடிகிறதென்று
அடியில் போகும் தண்ணீருக்கும் தெரியாது.

அப்போது பையில் போன் அதிர்ந்தது:
பிரான்ஸுக்கு நல்வரவு.
என்னைக் கேட்காமல்
சிம் கார்டு போய்ச் சேர்ந்துவிட்டது.

"நீங்க போங்க. நான் பையைப் பாத்துக்கிறேன்."
"பையை நாங்கதானே எடுத்துட்டுப் போறோம்" என்றாள் சஃப்ரினா.
பிறகு அதற்கு மேல் எதுவும் கேட்காமல்
தன் கையுறைகளைக் கழற்றி
என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

நாலு மணி நேரம்.
சிகரெட் வாங்க அங்கிருந்து இங்கே வந்தார்கள்,
ரொட்டி வாங்க இங்கிருந்து அங்கே போனார்கள்.
ஒரு கிழட்டு நாய் ஆறு தடவை நாடு மாறியது.
நாய்க்கும் இங்கே பாஸ்போர்ட் உண்டாம், நீல நிறத்தில்.
ஜல்லி ஏற்றிய படகொன்று
இரு கரைக்கும் நடுவே, எல்லையின் மீதே
தெற்கு நோக்கிப் போனது.
கூரையில் ஒரு சிவப்புக் கார்,
கொடியில் காயும் இரண்டு பெட்ஷீட்.
அந்த வீட்டுக்கு எந்த நாட்டில் தபால் வரும்?

சிவகாசியிலிருந்து தங்கச்சி வீடியோவில் வந்தாள்.
"அக்கா, பிரான்ஸ் போய்ட்டியா?"
பொய் சொல்லவில்லை.
கேமராவை எதிர்க்கரைப் பக்கம் திருப்பினேன்.
"ஈபிள் டவர் எங்கே?"
"அது வேற ஊருடி."
"அப்ப இங்க என்னதான் இருக்கு?"
யோசித்துப் பார்த்தேன்.
"பாலம் நல்லாருக்கு."

நாலரைக்கு வந்தார்கள்.
பாஸ்கோவின் மீசையில் சாக்லேட் தூள்.
"நீ ஒண்ணும் மிஸ் பண்ணலை" என்றான்.
அதைவிடப் பெரிய அன்பை
அவனால் அன்றைக்குச் சொல்லியிருக்க முடியாது.
காகிதப் பையில் நீள ரொட்டி,
நுனி மட்டும் கடிபட்டது.
நின்றுகொண்டே தின்றேன். சூடு ஆறியிருந்தது.

திரும்பும் ரயிலில், கேல் தாண்டும் முன்
இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள்.
அவன் அட்டை, அவள் அட்டை,
என் தாள்.
விரித்தார். படித்தார். வெளிச்சத்தில் பிடித்தார்.
"எங்கிருந்து வருகிறீர்கள்?"
சஃப்ரினா என் முழங்கையைத் தொட்டாள்.
"பாலத்திலிருந்து" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்,
தாளைப் பார்த்தார்,
மடிப்பு மாற்றி மடித்துக் கொடுத்தார்.
இப்போது அதில் புதிதாக ஒரு கோடு இருக்கிறது.