ஆற்றோர நடை

காலை ஐந்தே முக்காலுக்குள்
ஒன்பது சைக்கிளுக்கும் காற்றடித்து முடித்தேன்.
விடுதித் தாளில் என் வேலை அச்சாகியிருக்கிறது:
சைக்கிள் சவாரி, மலையேற்றம், ஆற்றோர நடை.
எழுதியவர் சாத்தப்பன் சார்.
அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு வந்தது ஒருத்திதான்.
இனேஷ். போர்ட்டோவிலிருந்து.
அறுபத்திரண்டு வயது, முழங்காலில் கட்டு,
கெண்டைக்கால் மட்டும் மரத்தில் கடைந்தது.
"எங்கள் ஊரில் தெருவுக்குப் பதில் படிக்கட்டு.
ரொட்டி வாங்கக் கீழே இறங்கினால்
அதைத் தின்றுகொண்டுதான் மேலே ஏற முடியும்"
என்றாள், நூல் பிடித்த தெருவைப் பார்த்தபடி.
கானாடுகாத்தானில்
ஒரு கோலிக்குண்டைத் தெருவில் வைத்தால்
எந்தப் பக்கம் உருள்வதென்று யோசிக்கும்.

திருமயம் வரை எதிர்காற்று.
ஒரு மயில் சாலையைக் கடந்து முடிக்கும்வரை
இருவரும் காலூன்றி நின்றோம்.
அது நடுவில் எதையோ மறந்ததுபோல் திரும்பிப் போனது.

கோட்டைப் பாறையில் அவள் போனதை
ஏறுவது என்று சொல்லக் கூடாது.
பாதியில் நான் இடுப்பைப் பிடித்து நிற்கையில்
உச்சியில் பீரங்கிப் பக்கமிருந்து கையாட்டினாள்.
"மலை எங்கே?"
"இதுதான்."
"இது முதல் மாடி."
எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம்தான்.
சுற்றிலும் காட்டினேன்:
பனை, கண்மாய், பனை, செம்மண்,
கடைசியில் ஒரு செல்போன் கோபுரம்.
எங்கள் பக்கம் உயரம் என்பது
சமதளம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க.
இதை அவளுக்குப் புரியும்படி சொல்லத் தெரியாமல்
தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

பிறகு ஆறு.
"பாம்பாறு" என்றேன். அர்த்தம் கேட்டாள், சொன்னேன்.
மணலில் இறங்கி நின்று
கருவேலம் புதரையும் டிராக்டர் தடத்தையும்
குளம்பு நனையாமல் அக்கரை போகும் ஆடுகளையும்
ரொம்ப நேரம் பார்த்தாள்.
பாம்பு போய்விட்டது,
சட்டை மட்டும் உரிந்து கிடக்கிறது.
"ஐப்பசியில் வந்தால்..." என்று ஆரம்பித்தேன்.
எல்லாரிடமும் சொல்கிற வாக்கியம்.
அவள் காது அதில் இல்லை.
தொப்.
கரைக்கு அப்பாலிருந்து மறுபடியும்
தொப்.

அய்யாவு தோட்டத்துக் கிணறு.
ஞாயிற்றுக்கிழமைப் பையன்கள் மூன்று பேர்
மோட்டார் ரூம் மேலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள்.
"எங்கள் ஊர்ப் பையன்கள்
பாலத்திலிருந்து ஆற்றுக்குள் குதிப்பார்கள்.
நாற்பது வருஷமாய் அந்தப் பாலத்தை
நடந்தே கடக்கிறேன்."
சொல்லிக்கொண்டே கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்தாள்.
முழங்கால் கட்டை அவிழ்த்துக்
கிளுவை வேலியில் தொங்கவிட்டாள்.
தாளில் இதற்கு வரி கிடையாது.
கையெழுத்து வாங்கப் படிவமும் கிடையாது.
"ஆழம் எவ்வளவுடா?"
"மூணு ஆளு, அக்கா. இவங்களுக்கு ரெண்டரை."

கிணறு ஒரு கணம் வாயை மூடிக்கொண்டது.
பிறகு சிரிப்பு, வட்டமாக,
கல்லில் மோதி மோதி மேலே வந்தது.
பொந்திலிருந்து இரண்டு புறாக்கள் வெடித்துப் பறந்தன.

நான் நீந்தப் பழகியதும் இப்படி ஒன்றில்தான்.
ஏழாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள்,
நீச்சலை; படிப்பை இல்லை.
கடிகாரம் இப்போது சின்னப் பையன் கையில்.
துப்பட்டாவை இடுப்பில் இறுக்கினேன்.
குதிக்குமுன் வந்த ஒரே நினைப்பு:
சைக்கிளைப் பூட்டினேனா?

திரும்புகையில் காற்று முதுகுப் பக்கம்.
ஊர் வளைவு தெரியுமுன்
வெயில் எங்களைத் துவட்டி முடித்திருந்தது.
"ஆற்றோர நடை எப்படி இருந்தது?" சாத்தப்பன் சார்.
"ஆழமாக" என்றாள் இனேஷ்.
அவர் தலையாட்டிக்கொண்டே டிக் போட்டார்.
நான் இரண்டு சைக்கிளையும்
சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனேன்.
இருக்கைகள் இன்னும் ஈரம்.