தையல்

சீடர் ஆற்றுக் குழுவின் நீலம்
சமையலறைச் சன்னலோடு நின்றுகொள்கிறது.
அயோவா ஆற்றுக் குழுவின் நீலம்
கட்டிலுக்கு மேல் ஒன்றரை அடி.
வீடு ஒன்றுதான்.
கொலம்பஸ் ஜங்ஷனில்,
இரண்டு ஆறும் கலக்கிற முனைக்குச் சற்று மேலே.

மாநிலம் முழுக்க ஒன்பது வடிநிலம், ஒன்பது குழு,
வியாழன்தோறும் பத்து மணிக்குக் கூட்டம்.
"எல்லைவரை எங்கள் கணக்கு சரி" என்கிறார் டெரன்ஸ்.
"எங்களதும்" என்கிறார் மரிபெல்.
இருவரும் பொய் சொல்லவில்லை.
ஒருவரிடம் பழைய லேசர் உயரங்கள்,
மற்றவரிடம் போன வசந்தத்தினுடையவை.
தைக்க வேண்டியவள் நான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆற்றையே அளந்து போடச் சொன்னால்?

மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போனேன்.
இறைச்சி ஆலையின் இரவு ஷிப்ட் முடித்து
வெள்ளை பூட்ஸைக் கழற்றாமலே
கதவைத் திறந்தாள் சுய் லென்.
இரண்டு வரைபடத்தையும்
குளிர்பெட்டிமேல் விரித்தேன்.
வெகுநேரம் பார்த்தாள்.
"இன்சூரன்ஸ்காரர் எந்த நீலத்தைப் பார்ப்பார்?"
இன்னும் முடிவாகவில்லை, என்றேன்.
சிரித்தாள். கொட்டாவியும் கலந்த சிரிப்பு.

வாசற்படியில் அளவுகோலை நிறுத்தினேன்:
ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு.
எந்தக் குழுவின் எண்ணும் அல்ல.
படிவத்தில் எழுதிக்கொண்டு நிமிர்ந்தபோது
மாடிப்படியின் மேல்தட்டில்
இருபது கிலோ அரிசி மூட்டை,
குழந்தையின் பள்ளிப் பை,
கயிற்றால் கட்டிய கோப்பு ஒன்று.

"எப்போது ஏற்றினாய்?"
"வீடு வாங்கிய அன்றைக்கு."

வியாழன் குறிப்பில் எழுதினேன்:
இரு குழுவும் மறுபடி அளக்கவும்.
டெரன்ஸ் காரணம் கேட்டார்.
படியின் உயரத்தைச் சொன்னேன்.
மூட்டையைச் சொல்லவில்லை.