பின்பக்கத்துத் தலங்கள்

துண்டுப்பிரசுரத்தில் போட்டிருந்தது:
மூன்று நாள். போகும் வழியில் மலையடி முருகன்,
பிறகு சூசையப்பர், மாதா,
மாதாவைப் பெற்ற அன்னம்மாள்.
பழைய கியூபெக்கின் கோட்டைமதில் இலவசம்.
சாப்பாடு தனி.

ஐம்பத்திரண்டு பேர்.
பாதி நெற்றியில் திருநீறு, பாதி விரலில் செபமாலை,
எல்லார் மடியிலும் ஒரே கடையின் மிக்சர்.

நான் சாரதி.
எனக்குத் தெரிந்த தலங்களுக்கு முன்பக்கம் இல்லை.
குப்பைத்தொட்டி, சமையலறைப் புகைபோக்கி,
பஸ்களுக்கு மட்டும் என்று பிரெஞ்சில் ஒரு பலகை,
அதன்கீழ் சிகரெட் பற்றவைக்கும்
வேறொரு யாத்திரையின் போலந்துக்காரச் சாரதி.
கோபுரத்தை நான் பக்கக் கண்ணாடியில் பார்ப்பேன்,
இடம் வலமாக.

மொன்றியலில் தொண்ணூற்றொன்பது மரப்படி.
முழங்காலால் ஏறினாள் றெஜினா, படிக்கொரு செபம்.
எழுபதாவதில் செபம் மறந்துபோய்
பிள்ளைகளின் பெயரைச் சொன்னாளாம்,
அதுவும் முடிய
கடன் தந்தவர்களின் பெயரை.

அன்னம்மாளின் வாசல் தூணில்
ஊன்றுகோல்கள் அடுக்கியிருக்கிறதாம்.
பதினாலாம் சீற் அமிர்தநாயகம்
அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாராம்.
பஸ்ஸுக்கு வந்தபோது இரண்டு கையும் வெறுமை.
"விட்டிட்டு வந்திட்டன், தம்பி."
நடை கோணல். முகம் அப்படியொரு வடிவு.
பஸ்ஸே கைதட்டியது.
நானும் ஹோர்ன் அடித்தேன்.

இரவு, நானூற்றொன்றில் மழை.
கிங்ஸ்டன் தாண்டி ஒரு கோப்பிக்கடை.
எல்லாரும் இறங்கினார்கள்.
அவர் கடைசிப் படியில் நின்று
கீழே கிடந்த ஓரடி இருட்டைப் பார்த்தார்.
"திரும்பிப் போகேலாது, என்ன?"
கிட்டத்தட்ட அறுநூறு கிலோமீற்றர்.

சீற்றுக்குக் கீழே கைவிட்டேன்.
ஆடி மாதம்தான், ஆனாலும்
பனி தட்டும் தூரிகை என் பஸ்ஸில்
வருடம் முழுக்கக் கிடக்கும்:
நீலப் பிடி, ஒரு முனை தும்பு, மறுமுனை சுரண்டி.
அதை ஊன்றி இறங்கினார்,
பனியில்லாத தரையைத்
தட்டித் தட்டி.

விடியப்புறம் ஸ்காபரோ பிளாசாவில்
ஐம்பத்திரண்டு தலை எண்ணி இறக்கினேன்.
தூரிகையை எண்ணவில்லை.

இது கார்த்திகை. முதல் பனி.
சட்டைக் கையால் கண்ணாடி துடைக்கிறேன்.
புதிது ஏழு டொலர்தான்.
பதிவுத் தாளில் அவருடைய நம்பரும் இருக்கிறது,
பதினாலுக்கு நேரே.

எடுக்கவில்லை.
கேட்டால் தந்துவிடுவார்.