காலு உண்டு

சிதறாலுக்குப் போவோம் என்று சொன்னது நான்தான்.
ஏற இருபது நிமிடம்,
கைப்பிள்ளைக்காரிகளும் ஏறுகிற மலை,
வழி முழுக்கக் கல் பாவியிருக்கிறது.
வீட்டில் இருந்தால் ஆள் வந்துகொண்டே இருக்கும்,
கட்டிலடிப் பெட்டியைப் பார்த்தபடியே
கத்தார் வெயிலைப் பற்றி விசாரிக்கும்.

மார்த்தாண்டத்தில் இறங்கி வேறு பஸ்.
ஜன்னலோரம் நான், நடுவில் ஜெஃப்ரினா, அந்த ஓரம் அவர்.
நடுவில் என்று சொல்லக்கூடாது,
முக்கால்வாசி என் மடியில்.
அவர் வந்து ஒன்பது நாள்.
அப்பா என்று கூப்பிடுகிறாள்.
கூப்பிடும்போது
என் கையிலிருக்கிற போனைப் பார்க்கிறாள்.

ரோடு முடிகிற இடத்தில் மலை.
இரண்டு பக்கமும் கொல்லாமரம்,
விழுந்து நசுங்கிய பழத்தில் எறும்பு,
கள் மாதிரி ஒரு புளிப்பு வாசம்.
அவர் ஒன்றைப் பறித்துக் கடித்து
புதுச்சட்டையில் சாறு வடியவிட்டார்.
அந்தக் கறை போகாதென்று
அருமனையில் பிறந்தவருக்குத் தெரியாதா?
தெரியும். தோளைக் குலுக்கிவிட்டு
அண்டியைத் திருகிப் பையில் போட்டுக்கொண்டார்.

எங்களுக்கு முன்னால் ஒரு கூட்டுக் குடும்பம்,
தூக்குப்பாத்திரத்தில் மரச்சீனி, மீன்கறி.
மேலே தின்ன விடமாட்டார்களாம்,
அதனால் பாதி வழியிலேயே
இலை விரித்துவிட்டார்கள்.
எங்களையும் கூப்பிட்டார்கள். போகவில்லை,
மணம் மட்டும் இரண்டு வளைவு கூடவே வந்தது.

அவர் முன்னால். பின்னால் ஜெஃப்ரினா,
குனிந்த தலை நிமிராமல்.
கல் எண்ணுகிறாள் என்று நினைத்தேன்.
சட்டென்று நின்று
கண்டுபிடித்தவள் குரலில் சொன்னாள்:
"அம்மா, அப்பாக்கு காலு உண்டு."

யோசித்துப் பார்த்தால் சரிதான்.
மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் வந்த அப்பா
சட்டைக் காலரோடு முடிகிறவர்.
சில வாரம் நெற்றி மட்டும்,
நெட் கிடைக்காத வாரம் சதுரம் சதுரமாக.
தும்முவார், குப்பூஸ் தின்பார்,
இவள் பல் விழுந்ததற்குக் கைதட்டுவார்.
நடந்ததே இல்லை.

கேட்டதும் அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தார்.
"நல்லா பாத்துக்கோ மக்களே."
பங்குனி வெயில் குடித்த கல்,
கோழி மாதிரிக் குதித்தார்.
இவள் சிரித்துச் சிரித்து வழியிலேயே இருந்துவிட்டாள்.
நான் அவர் இடது பெருவிரலைப் பார்த்தேன்.
நகம் இல்லை.
கம்பிக்கட்டு சரிந்ததாம். போன ஓணத்துக்கு முந்தியாம்.
அந்த வாரமும் பேசினோம்,
கியாஸ் விலையைப் பற்றி.

மேலே
இரண்டு பாறை சாய்ந்து விட்ட சந்தில் நுழைந்தால்
திடீரென்று நிழல்,
கல்லில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள்.
பலகையில் இருந்ததை அவர் சத்தமாக வாசித்தார்,
நூற்றாண்டு, வட்டெழுத்து, எல்லாம்.
ஜெஃப்ரினா நிற்கிறவர்களின் பாதங்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.
சம்மணமிட்டவர்கள் மேல் அவளுக்குச் சந்தேகம்,
மடக்கி ஒளித்துவைத்திருக்கிறார்களாம்.
வெறுங்காலோடு நடந்தே ஊர் ஊராய்ப் போனவர்கள் என்றேன்.
"பிளேன்ல போவல்லியா?"
போவல்ல.
கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தாள்.

சுனையருகே காற்று.
கீழே தென்னந்தலைகள், ரப்பர்,
ஒரு துண்டு ஆறு,
எந்த ஊர் என்று பிடிபடாத வெள்ளைச் சர்ச்.
அது திற்பரப்பு பக்கம் என்று அவர் சொல்ல
இல்லை என்று நான் சொல்ல
இறங்கும்வரை அதுதான் பேச்சு.
நகத்தைப் பற்றிக் கேட்க நினைத்தது
தொண்டையிலேயே நின்றது.
அடுத்த தடவை போனைத் தரையில் சாய்த்துவைத்துவிட்டு
கொஞ்சம் நடந்து காட்டச் சொல்ல வேண்டும்.

அடிவாரக் கடையில் மூன்று சர்பத்,
ஒரு சீப்பு மட்டிப்பழம்.
பெஞ்சில் அவர் பக்கம் ஏறி இருந்தாள்.
ஒரு வாய் குடிப்பாள்,
குனிந்து மேசைக்கடியில் பார்ப்பாள்,
மறுபடி ஒரு வாய்.
கடைக்காரர் கேட்டார்:
"பிள்ளைக்கு என்ன காணாம போச்சு?"