மண்ணெண்ணெய்

லாபிஸ் ரயிலடிக்கு எதிரே
தவுக்கே கடையில் கணக்கெழுதுகிறேன், பதினேழு வருடமாக.
ஆளுக்கு ஒரு 555 நோட்டு.
ஆணியில் கோத்துத் தொங்கும்.

புஷ்பராணியின் நோட்டில்
அந்த மழைக்காலம் முழுக்க
மண்ணெண்ணெய் நாலு வெள்ளி.
மண்ணெண்ணெய் நாலு வெள்ளி.
சீனி ஒரு கிலோ, மண்ணெண்ணெய் நாலு வெள்ளி.

அவள்தான் சொன்னாள்.
"சம்சுன்னு போடாதக்கா,
அது படிச்சுப் பாக்கும்."
செம்பனை உதிரிப்பழம் பொறுக்கிய விரல்களில்
முள் முறிந்த கறுப்பு.
தட்டைப் போத்தல், உள்ளங்கை அகலம்,
பாவாடை நாடாவில் செருகிக்கொள்வாள்.
ஆறாம் மாதம் நாடா இறங்கிப்போனது.
ரொட்டிப் பைக்குள் வைத்துக் கொடுத்தேன்.

கேட்காமல் இல்லை.
"கிளினிக்குல மிஸ்ஸி ஒண்ணும் சொல்லலையா?"
"எனக்குப் பதிலா மிஸ்ஸி வந்து குனிவாளாக்கா?"
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
மழை வலுத்திருந்தது,
கடைக் குடையைக் கொடுத்தனுப்பினேன்.

பையன் எட்டாம் மாதமே வந்துவிட்டான்.
சின்னக் கண்கள்.
மூக்குக்குக் கீழே பள்ளமில்லாமல்
வழவழவென்று மேலுதடு.
சிகாமட் ஆஸ்பத்திரியில் டாக்டர்
அவளைத் தனியே உட்காரவைத்து
என்னவோ விசாரித்தாராம்.
என்னவென்று அவள் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.

போனஸ் மாதம்
நாகமுத்து கடனடைக்க வந்தான்.
எச்சில் தொட்டுத் தொட்டுத் தாளைப் புரட்டினான்.
"எங்க வீட்டுல கேஸ் அடுப்புதானே."
தவுக்கே என்னைப் பார்த்தார்.
நான் பேனா மூடியைத் தேடினேன்.
எண்ணி வைத்தான்,
மண்ணெண்ணெய்க்கும் சேர்த்து.
நோட்டைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அவள் பிறகு இந்தப் பக்கம் வந்ததில்லை.
விட்டுவிட்டாள் என்கிறார்கள்.
விடவில்லை என்றும் சொல்கிறார்கள்.

நேற்று லவினேஷ் வந்தான்,
எட்டு வயது, ஒரு காலில் மட்டும் காலுறை,
கையில் பழைய மைலோ டின்.
"மண்ணெண்ணெய்" என்றான், திக்காமல்.
தோட்டத்தில் கரண்ட் இல்லையாம்.
ஊற்றினேன்.
அந்த வீட்டுக்கு நான் கொடுத்த
முதல் மண்ணெண்ணெய்.

பத்து வெள்ளித் தாளை நீட்டினான்.
மீதியை மேசைமேல் பரப்பிவைத்து
ஒன்று, இரண்டு, ஐந்து, இரண்டு,
மறுபடியும் ஒன்று என்று தொடங்கினான்.
பின்னால் நாலு பேர் நின்றார்கள்.
ஒருத்தன் நாக்கைச் சொடுக்கினான்.
எண்ணட்டும் என்றேன்.